தோட்டத்து வெட்டுக்கிளி

அன்பு மகன் செல்வத்துக்கு,

நீ அனுப்பிய வெட்டுக்கிளி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் நீளத்துக்குப் பச்சை உடம்பு, கழுத்துக்குப் பின்னால் முண்டு முண்டாக. ஃபைமேட்டியஸ் என்கிற விஷ வெட்டுக்கிளிதான், சந்தேகமே இல்லை. தென்னாப்பிரிக்காவில் உங்கள் கிழக்கு கேப் பக்கம் இது சகஜம். பாப்பாவைத் தொட விடாதே.

நம் கிணற்றடி எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்குமே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். அங்கே எருக்குக்குப் பதில், பலூன் மாதிரி காய் காய்க்கும் பால்செடி. அதைத் தின்று செடியின் விஷத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளும். இதயத்தைத் தாக்குகிற விஷம். சீண்டினால் முதலில் இறக்கையைத் தூக்கிச் சலசலக்கும்; உள்ளே இருக்கும் பளீர் நிறம் தெரியும். அதற்கும் விலகாவிட்டால் நெஞ்சு மூட்டுகளிலிருந்து நாற்றமடிக்கும் நுரையைக் கக்கும். குஞ்சுகள் கூட்டமாகச் செடி நுனியில் ஏறி உட்கார்ந்திருக்கும், எந்தப் பறவைக்கும் பயமில்லாமல்.  வளர்ந்தது உடம்பு கனம் என்பதால் அவசரப்பட்டுப் பறக்காது, பெரும்பாலும் நடந்துதான் போகும். முட்டை மண்ணுக்குள். நாயைக் கட்டிவை, தின்றுவைத்தால் ஆபத்து.

முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவனிடம் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அது போதும். அம்மாவிடம் காட்டினேன். “இதற்கு மட்டும் அப்பா ஞாபகம் வருமா?” என்றாள். அவள் கேட்பதும் நியாயம்தான். பொங்கலுக்குக்கூட நீ இரண்டு நிமிஷம்தான் பேசினாய்.

படத்தின் ஓரத்தில் நேரம் இருந்தது. புதன்கிழமை, பகல் பதினொன்று. சரி, லீவாக இருக்கும். போன வாரம் அனுப்பியதும் வேலை நாள், அதே வெயில், அதே கைலி. ஷிஃப்ட் மாறியிருக்கலாம். பெரிய கம்பெனியில் எல்லாம் மாறும்தான். உன்னைப் போல வேலை தெரிந்தவனுக்கு எங்கேயும் இடம் உண்டு. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பாப்பா தொட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கை கழுவு, கண்ணைத் தேய்க்க விடாதே. நாயையும் பார்த்துக்கொள்.

அப்புறம், இந்த மாதம் பணம் அனுப்பாதே. பென்ஷன் அரியர் வந்திருக்கிறது, கூரை வேலையும் அவசரமில்லை. மூன்று பேரும் வந்து கொஞ்ச நாள் இருப்பதானால் டிக்கெட்டை நான் போடுகிறேன். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவள் கோயிலுக்குப் போய்விடுவாள், அப்போது போன் பண்ணு.

அப்பா