செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குழல்வாய் வழியே வெடிமருந்தும் ரவையும் இட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளைச் சேகரித்துப் பேணியும் முறைப்படி சுட்டுப் பழகியும் வரும் நம் சங்கம் இவ்வாண்டு நான்கு முறை கூடியது. இலக்குச் சுடும் பயிற்சி இரண்டு முறை நடந்தது. ஐப்பசியில் வைத்த மூன்றாவது, மருந்து நமுத்துப்போனதால் கைவிடப்பட்டது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனுக்கு மாலை அணிவித்தோம். வேன் பேசியது பதினெட்டுப் பேருக்கு, வந்தவர்கள் ஆறு பேர்.

பலரும் என்மேல் குறைபட்டுக்கொள்ளும் துரு விவகாரத்துக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலுக்காக 2024 மார்ச்சில் காவல் நிலையங்களில் ஒப்படைத்த துப்பாக்கிகள் ஜூனில் முடிவு வந்த பிறகே திரும்பின. சிலவற்றின் குழல் உள்ளே சிவந்திருந்தது. கருமருந்து எரிந்த கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும் என்பதையும், வெந்நீர் ஊற்றித் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, நன்கு உலர்த்திய பிறகே எண்ணெய் இட வேண்டும் என்பதையும் அதற்கு முன்பே சுற்றறிக்கையில் எழுதியிருந்தேன். படித்தவர்களின் குழலில் துரு இல்லை.

இவ்வாண்டின் உருப்படியான பணி பதிவேடுதான் என்பதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாளையக்காரர் போர் ஓய்ந்த 1801 டிசம்பரில் கும்பினியார் இச்சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்த பின், எஞ்சியவற்றை வீடு வீடாகக் குறித்து வைப்பது நம் கடமை. குழலின் நீளம், முத்திரை, மருந்து பற்றுவது திரியாலா, சக்கிமுக்கிக் கல்லின் பொறியாலா, அடித்தால் வெடிக்கும் கேப்பாலா என்று ஒவ்வொன்றாக எழுதினேன். பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் பலர். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கு மட்டுமே. ஓர் உறுப்பினர் வீட்டுச் சுவரில் தாத்தா காலம் முதல் தொங்கிய துப்பாக்கிக்குள் கம்பியை விட்டுப் பார்த்தபோது அது அடிவரை போகாமல் நான்கு விரற்கடை முன்பே நின்றது. உள்ளே மருந்தும் ரவையும் கெட்டித்தபடியே இருந்தன! பேரப்பிள்ளைகள் அதன் கீழேதான் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நீர் ஊற்றி ஊறவைத்து எடுக்க அரைநாள் ஆயிற்று. உடன் வருவதாகச் சொன்ன இருவர் அன்று வரவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பழைய கணக்கு நோட்டு நனைந்துவிட்டதால், தொடக்க இருப்பு பொருளாளரின் நினைவிலிருந்து எடுக்கப்பட்டது. வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. பாதிக்கும் மேற்பட்டோர் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள். பதிவேட்டுக்கான பேருந்துச் செலவு இன்னும் என் கையிலிருந்து போனதாகவே நிற்கிறது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் இடம் தந்த கல்யாண மண்டபத்தாருக்கும் நன்றி.

என் பொறுப்பை வேறொருவர் ஏற்பதாயின் பதிவேட்டையும் பீரோ சாவியையும் இன்றே ஒப்படைக்கச் சித்தமாயிருக்கிறேன். 2026இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. துப்பாக்கிகளை மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் எல்லாருக்குமாகச் சேர்த்து எண்ணெய் வாங்குவதா, இல்லை அவரவர் குழலை அவரவர் பார்த்துக்கொள்வதா என்பது, வரும் ஆனிக்குள் வந்து சேரும் சந்தாவைப் பொறுத்தது.

இங்ஙனம்,
செயலாளர்