ஒரு நாளாவது பஸ்ஸிலிருந்து இறக்கி விடுங்கள்: சிங்கப்பூர்க் குழுப்பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் குழுப்பயணம் அழைத்து வருபவர்களுக்கு வணக்கம்.

நான் இங்கேயே குடியிருப்பவன். உங்கள் பேக்கேஜில் வருகிற சொந்தக்காரர்களையும் அவர்களோடு வருகிறவர்களையும் பல வருடங்களாகப் பார்த்துப் பேசி வருகிறேன். பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு, ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில். அதற்கு முன்னால் அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. இந்த மடலின் விஷயமே அந்த நேரம்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இல்லையென்றால் இங்கே வந்தே இருக்க முடியாதவர்கள் ஏராளம். பாஸ்போர்ட் எடுப்பதில் தொடங்கி விசா, டிக்கெட், சைவச் சாப்பாடு, சக்கர நாற்காலி வரைக்கும் நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். முதல் முறை விமானம் ஏறும் எழுபது வயது அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிவந்து பத்திரமாக வீட்டில் சேர்ப்பது பெரிய பொறுப்பு. அதைப் பலர் மனசாரச் செய்கிறீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் திட்டம் எல்லாருக்கும் மனப்பாடம். மூன்று இரவு, நான்கு பகல். மெர்லயன், செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், நைட் சஃபாரி, கார்டன்ஸ் பை த பே, முஸ்தபா கடை. நடுவில் ‘அரை நாள் நகரச் சுற்றுலா’. இதில் பார்க்கக்கூடாத இடம் எதுவுமில்லை. நைட் சஃபாரியில் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இத்தனையும் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம், “ஊர் எப்படி இருக்கு?” என்று கேட்டால், “ரொம்ப சுத்தமா இருக்கு, பஸ்ஸிலேருந்து பார்த்தோம்” என்கிறார்கள். பாதிப் பேர் சொல்வது இதைத்தான். இங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், எதில் வேலைக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

வந்து இறங்கும் நாளையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் இரவு கிளம்பும் விமானம் நான்கு மணி நேரம் பறந்து விடிகாலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறது. இந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். இங்கே ஆறு மணி என்றால் பயணியின் உடம்புக்கு மூன்றரை மணி. ஹோட்டல் அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை என்ன செய்வது? நகரச் சுற்றுலா. தூங்காத, குளிக்காத, கால் வீங்கிய பெரியவர்களை அப்படியே கோச்சில் ஏற்றிவிடுகிறீர்கள். வெளியே 32 டிகிரி வெயில், புழுக்கம். உள்ளே நடுங்க வைக்கும் ஏசி. பத்து நிமிடம் இறங்கிப் போட்டோ, மறுபடி ஏறு. நடுவில் சாக்லேட் கடை ஒன்று, நகைக் கடை ஒன்று. அந்தக் கடைகளில் கொடுக்கும் நேரம் மெர்லயனில் கொடுக்கும் நேரத்தைவிட அதிகம் என்று என் பெரியம்மா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடன் வாங்கி வந்தவர் அவர்.

முதல் நாளில் சில மணி நேரத்துக்காவது அறை எடுத்துக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவைக் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். வயதானவர்கள் மறுக்கவே மாட்டார்கள்.

அடுத்தது, ஒரு முழு நாள் கோச் வேண்டாம். மக்கள் போகும் ரயிலில் கூட்டிப்போங்கள்.

1987 நவம்பரில் ஓட ஆரம்பித்த எம்ஆர்டி ரயில் இன்று தீவு முழுக்கப் போகிறது. “பெரியவங்களால முடியாதுங்க” என்று உடனே சொல்வீர்கள். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். மூட்டு வலிக்காரருக்குக் கோச்சின் உயரமான படிகளைவிட இவை எவ்வளவோ எளிது. வாசலில் வீசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைத் தட்டினால் போதும். வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்குச் சிறு தொகை கூடுதலாகப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஒரு முறை போகப் பெரும்பாலும் மூன்று வெள்ளிக்குள் ஆகும் (டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறோம்). சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால் நிலையங்களில் தமிழ் எழுத்து கண்ணில் படும். சொந்த மொழியைப் படித்தபடி வெளிநாட்டு ரயிலில் ஏறும் வாய்ப்பு நம் ஆட்களுக்கு வேறெங்கே கிடைக்கும்?

அப்படி ஒரு நாள் கிடைத்தால் எங்கே கூட்டிப்போவது? என் யோசனை இது.

டவுன்டவுன் ரயில் பாதையில் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்குங்கள். இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் தெலுக் ஆயர் தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சீனத்தின் ஃபூஜியன் கரையிலிருந்தும் வந்தவர்கள் கால் வைத்த இடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கடலை மண் போட்டு நிரப்பியதில் கரை தள்ளிப் போய்விட்டது. அங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவரின் நினைவாக, கடல் கடந்து பிழைக்க வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. நாலெட்டு வைத்தால் தியான் ஹோக் கெங் சீனர் கோயில். பத்திரமாகக் கடல் கடந்து வந்ததற்காக ஃபூஜியனிலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள் கடல் தெய்வமான மாசோ அம்மனுக்குக் கட்டியது. இன்னும் கொஞ்சம் நடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். ஓலைக் குடிசையாக ஆரம்பித்ததால் அந்தக் கால மக்கள் அதைக் குச்சுப் பள்ளி என்று சொன்னார்கள்.

ஒரே தெருவில், கைக்கெட்டும் தூரத்தில் இத்தனையும் இருக்கின்றன. நுழைவுச் சீட்டு கிடையாது. ஆனாலும் நான் பார்த்த எந்தப் பேக்கேஜ் நோட்டீஸிலும் இந்தத் தெருவின் பெயர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அங்கிருந்து நிதானமாக நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலை. 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. இந்த நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில் அது. அதற்கு முன்னின்றவர் நாராயண பிள்ளை. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து இறங்கி, இங்கே செங்கல் சூளை போட்டவர். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஜாமியா பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவியது. இரண்டும் நிற்பது சைனாடவுனின் நடுவில். உங்கள் கோச் சைனாடவுனில் நின்றால் பயணிகள் வாங்குவது சாவிக்கொத்தும் காந்த பொம்மையும்தான். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். ஐப்பசியில் தீபாவளிக்கு முன்னால் அங்கே தீமிதி நடக்கும். அந்தச் சமயத்தில் குழு அழைத்து வருபவர்கள் அதற்காகவே ஒரு மாலையை ஒதுக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பவும் சிராங்கூன் சாலை பஃபே வேண்டாம். மாரியம்மன் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். முன்பு தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களை 1970களிலும் 80களிலும் தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கூரைக்குக் கீழே கொண்டுவந்து உருவாக்கியவை இந்த உணவங்காடிகள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர்க்காரர்களின் அன்றாடச் சாப்பாடு பெருமளவு இங்கேதான். பக்கத்து மேசையில் கோட்டு போட்ட வங்கி அதிகாரியும் துப்புரவு வேலை செய்யும் பாட்டியும் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, சைவக்காரர்கள் என்ன செய்வார்கள்? அது நியாயமான கவலை. பல உணவங்காடிகளில் பௌத்த சைவ முறையில் சமைக்கும் சீனக் கடைகள் இருக்கின்றன. முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் லிட்டில் இந்தியாவில் தேக்கா உணவங்காடி இருக்கவே இருக்கிறது. தோசை, பரோட்டா, பிரியாணி எல்லாமே கிடைக்கும். ஹலால் கடைகளுக்குத் தனி அடையாளமும் தனித் தட்டு அடுக்கும் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம்.

சாயங்காலம் மெர்லயனுக்கே போகட்டும். ஆனால் போட்டோ எடுத்ததும் ஜூபிலி பாலத்தைத் தாண்டி எஸ்பிளனேட் பூங்கா வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள். அங்கே இந்திய தேசிய ராணுவ நினைவிடத்தைக் குறிக்கும் பலகை ஒன்று இருக்கிறது. 1945இல் எழுப்பிய மூல நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள். எதிரே தெரியும் பாடாங் திடலில்தான் 1943 ஜூலையில் நேதாஜி அந்தப் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அதே ஆண்டு அக்டோபரில், இதே ஊரில்தான் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசையும் அறிவித்தார். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணி படைக்கு இங்கேதான் பயிற்சி. அதில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். என் சொந்தக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஒரு குழுவில் வந்து இந்தப் பலகையைப் பார்க்காமலே திரும்பிப் போனார். கோச் நின்ற இடத்துக்கும் அதற்கும் நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது.

ரப்பர் என்றதும் இன்னொன்று. தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கியது, 2015இல் உலகப் பாரம்பரியத் தலமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். மரத்தைச் சாகடிக்காமல் ரப்பர் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்ற இயக்குநர் இங்கே சோதித்துக் கண்டறிந்தார். அதன் பிறகு மலாயா முழுக்கத் தோட்டங்கள் பெருகின. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிவந்தார்கள். உங்கள் பயணிகளில் சிலரது தாத்தா, பாட்டன் அந்தக் கப்பல்களில் வந்திருக்கக்கூடும். பினாங்கு, ஈப்போ என்ற பெயர்களைச் சின்ன வயதில் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த மரங்களுக்குக் கீழே ஒரு காலை நேரம் அவர்களை உட்கார விடுங்கள்.

அடுக்குமாடிப் பேட்டை ஒன்றையும் காட்ட வேண்டும் என்பேன். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் இந்த ஊர்க்காரர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் குடியிருக்கிறார்கள். தோ பாயோவில் இறங்கி அரைமணி நேரம் சுற்றினால் போதும். கீழ்த்தளத்தின் திறந்த வெளியில் ஒரு பக்கம் மலாய்க் கல்யாணம் நடக்கும். சீன முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். அதைப் பார்த்தால்தான் இந்த ஊர் மரீனா பே கட்டடங்கள் மட்டும் இல்லை என்று விளங்கும்.

இப்போது அந்த இரவு பதினொரு மணிக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவுக்கு வந்து பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், திருவாரூர் என்று எல்லா மாவட்டப் பையன்களும் திடலில் கூடியிருப்பார்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள். வாரத்தில் ஓய்வு அந்த ஒரு நாள்தான். உங்கள் குழுவில் வரும் ஓர் அம்மாவுக்கு மகனோ, தம்பி மகனோ இவர்களில் ஒருவனாக இருப்பது அபூர்வமே இல்லை. விடுதியிலிருந்து இரண்டு ரயில் மாறி அவன் ஹோட்டலுக்கு வந்து காத்திருப்பான். நைட் சஃபாரி முடிந்து கோச் திரும்பும்போது கடைசி ரயிலுக்கு நேரமாகியிருக்கும். பத்து நிமிடம் பேசுவார்கள், ஊறுகாய்ப் பொட்டலம் கைமாறும், அவன் ஓடுவான். இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். குழு ஞாயிற்றுக்கிழமை இங்கே இருந்தால் அன்று மாலையைக் காலியாக விடுங்கள். முன்பதிவின்போதே, “சிங்கப்பூரில் யாரையாவது பார்க்க வேண்டுமா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் திட்டத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். வருகை அட்டையை இணையத்தில் நிரப்பக் கட்டணமே கிடையாது. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கென்று பில்லில் ஒரு தொகை போடாதீர்கள். கார்டன்ஸ் பை த பேயில் இரவு 7:45க்கும் 8:45க்கும் நடக்கும் ஒளி நிகழ்ச்சிக்கும் டிக்கெட் கிடையாது. அதை நோட்டீஸில் ‘எங்கள் சலுகை’ என்று போடுவது சரியில்லை. மெல்லும் புகையிலை, குட்கா, வேப் எனும் மின்சிகரெட் மூன்றும் இங்கே தடை என்பதைக் கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லுங்கள். பையில் மறந்து வைத்திருந்தோம் என்ற பதில் எடுபடாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதையும் சொன்னால் நாளுக்கு நாலு பாட்டில் காசு மிஞ்சும்.

ஒரு நாளைக் கோச் இல்லாமல் நடத்தினால் உங்களுக்குச் செலவு குறையும், கூடாது. கூடுதலாகத் தேவைப்படுவது விவரம் தெரிந்த ஒரு வழிகாட்டி. இங்கே அந்த வேலைக்குச் சுற்றுலாக் கழகத்தின் உரிமம் வேண்டும்; உரிமம் உள்ளவரை அமர்த்தி, அவருக்கு நியாயமான கூலி கொடுங்கள். கடைக் கமிஷனை நம்பி அவர் பிழைக்கும்படி விடாதீர்கள். நகைக் கடை நிறுத்தங்கள் தானாகவே குறைந்துவிடும்.

அடுத்த கோடை விடுமுறைக்கான நோட்டீஸை நீங்கள் இன்னும் அச்சுக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தெலுக் ஆயர் முதல் எஸ்பிளனேட் வரையிலான அந்த நடையை உங்கள் குழுத் தலைவர் யாராவது முன்கூட்டியே பார்க்க விரும்பினால் நானே கூட வந்து காட்டுகிறேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் பாதியை முடித்துவிடலாம்.

அன்புடன்,
சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு தமிழன்