காவிரிப் படுகையின் பழைய வரைபடங்கள்: கண்காட்சிக்கு நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

வருகிற ஆடிப்பெருக்கை ஒட்டி, மயூர் விஹாரில் நம் நூலக அறையில் காவிரிப் படுகையின் பழைய வரைபடங்களை மாட்டி ஒரு கண்காட்சி வைக்கிறோம். அதற்குப் பிறகும் அவை அந்தச் சுவரிலேயே இருக்கும். மொத்தச் செலவு 1,80,000 ரூபாய். குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதில் 45,000 சேர்ந்திருக்கிறது. மிச்சத்துக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

நம்மில் நிறையப் பேருக்கு ஊர் என்றால் கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம்தான். பிள்ளைகளோ காவிரியைப் பள்ளிக்கூட அட்லஸில் ஒரு நீலக் கோடாகத்தான் பார்த்திருக்கிறார்கள். குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு, கோரையாறு என்று அது பிரிந்து போவதோ, மனிதர்கள் கை வைத்து அதை மாற்றியதோ அந்தக் கோட்டில் தெரியாது.

எங்கள் பெரிய ஆசை, இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது. ஒன்று 1836க்கு முன்னால் வரைந்தது, இன்னொன்று பின்னால் வரைந்தது. திருச்சிப் பக்கம் முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் அதிகச் சரிவோடு கடலுக்குப் போகிறது. அதனால் தண்ணீரை அதுவே இழுத்துக்கொண்டது. காவிரி அங்கே பிரியும் தலைப்பில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் பாசனம் தடுமாறியது. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். சரி, தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. திரும்பிய வேகத்தில் ஆற்றின் அடித்தரையே அரிபடத் தொடங்கியது. அப்புறம் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. அதே மேலணையில் 2018 வெள்ளத்தில் மதகுகள் இடிந்து விழுந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஊரில் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் 1934இல் மேட்டூர் அணையோடு வந்தது. அதற்கு முன்பு அளந்த தாள்களில் ஒரத்தநாட்டுப் பக்கம் அந்தக் கோடே இருக்காது.

கைக்கு வந்தவை சில. பிரெஞ்சுக்காரர் தான்வீல் 1753இல் வெளியிட்ட சோழமண்டலக் கரை வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பாரிஸில் உட்கார்ந்து மற்றவர்களின் குறிப்புகளை வைத்து வரைந்தார். 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட தாள்களும் இலவசம்தான். உண்மையான செலவு, அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களில் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்று அளந்தவை. தாள் எண்களைச் சொன்னால், தஞ்சாவூர், நாகப்பட்டினம் 58 என், பூம்புகாரும் கொள்ளிட முகத்துவாரமும் 58 எம். கடலோரத் தாள்கள் வெகுகாலம் பொதுமக்களுக்குக் கிடைக்காதவை. விதிகள் நன்றாகத் தளர்ந்தது 2021இல்தான். நம் அதிர்ஷ்டம், தேசிய ஆவணக் காப்பகம் ஜன்பத்தில் இருக்கிறது. தஞ்சாவூரில் இருப்பவர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து பார்க்க வேண்டியதை நாம் மெட்ரோவில் போய்ப் பார்க்கலாம். ஆனால் நகலுக்குக் கட்டணம் உண்டு. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையிலும், தரங்கம்பாடி 1845 வரை டேனியர் கையிலும் இருந்ததால், அந்த நாடுகளின் காப்பகங்களுக்கும் எழுத வேண்டும்.

அசல் தாள்களை விலைக்கு வாங்கப் போவதில்லை. ஒரு வியாபாரி அட்லஸிலிருந்து கிழித்த ஒரே தாளுக்குச் சொன்ன விலையில் நம் சுவர் பாதி நிறைந்துவிடும். தவிர, டெல்லி வெயிலும் தூசியும் அசலுக்கு ஆகாது. நல்ல நகல், நல்ல பிரேம், அது போதும்.

ஒவ்வொரு பழைய வரைபடத்தின் மேலும் இன்றைய ஆற்றை ஒரு ஒளிபுகும் தாளில் அச்சிட்டு வைக்கப்போகிறோம். இரண்டையும் பொருத்துவதற்குக் கோயில்கள்தான் துணை. ஆறு நகர்ந்திருக்கலாம், தஞ்சைப் பெரிய கோயிலும் ஸ்ரீரங்கமும் நகரவில்லையே. மலை இல்லாத இந்தச் சமவெளியில் அளவெடுக்க, அந்நாளில் நில அளவை செய்த ஆங்கிலேயர் லாம்டனும் கோபுரங்களைத்தான் நம்பினார். 1808இல் பெரிய கோயில் விமானத்தில் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. அவரே உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். நம் இளைஞர்கள் அந்தப் பொருத்தும் வேலையைக் கணினியில், சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள்.

ஒரு வரைபடத்துக்கு அச்சும் பிரேமும் சேர்த்து 6,500 ரூபாய் ஆகிறது. முழுதாக ஏற்பவர்களின் பெயரும் ஊரும் கீழே ஒரு சிறு அட்டையில் வரும். டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதுவது போல வரைபடத்தின் மேல் எழுத மாட்டோம், மன்னிக்கவும். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. 80ஜி வரிச் சலுகை கிடையாது. வரவு செலவுக் கணக்கு கண்காட்சி முடிந்த மறு ஞாயிறு நூலகப் பலகையில் ஒட்டப்படும்.

பணம் தர வசதிப்படாதவர்கள் வீட்டுப் பரணைக் கொஞ்சம் பாருங்கள். தாத்தா பொதுப்பணித் துறையில் இருந்தவர் என்றால் வாய்க்கால் வரைபடம், பாசனப் படம் ஏதாவது ட்ரங்குப் பெட்டியில் கிடக்கலாம். கொண்டுவந்தால் உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் எடுத்துக் கையில் திருப்பித் தந்துவிடுவோம். பட்டா, பத்திரம் வேண்டாம். பங்காளி வழக்குகளில் குழு தலையிடாது.

வெளிநாட்டுக் காப்பகங்களிலிருந்து நகல் வரச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே வைகாசிக்குள் தொகை சேர்ந்தால் நல்லது. ஞாயிறு காலை நூலகத்தில் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு இருப்பார்.

இப்படிக்கு,
வரைபடக் கண்காட்சிக் குழுவினர்
மயூர் விஹார், டெல்லி