சனிக்கிழமை அத்தோ சாப்பிட்டுக்கிட்டே வரையலாம் வாங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு சென்னை பீச் ஸ்டேஷன் வாசல்ல மீட் பண்றோம், அங்கேருந்து நடந்தே பர்மா பஜார் பக்கம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ் விக்கிற கடைங்களுக்குப் போய் ஸ்கெட்ச் போடப் போறோம்.

1962ல பர்மால ராணுவ ஆட்சி வந்து, கொஞ்ச வருஷத்துல கடை கண்ணியெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, அங்க இருந்த நம்ம தமிழ் ஜனங்க எல்லாத்தையும் விட்டுட்டு கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தாங்க, கையில பெருசா எதுவும் இல்ல, ஆனா சமையல் மட்டும் கூடவே வந்துச்சு. பர்மிய மொழியில அத்தோன்னா கையால பிசைஞ்சு கலக்குறதுன்னு அர்த்தம், அதைத்தான் இன்னைக்கும் பண்றாங்க. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டு அந்தக் கை பிசையற வேகம் இருக்கே, அதுவே ஒரு கலைங்க, அதைத்தான் நான் முதல்ல வரையப் போறேன். வாழைத்தண்டு சூப்பையும் விட்டுடாதீங்க.

நம்ம குரூப்ல பர்மா குடும்பத்துக்காரங்க யாராச்சும் இருந்தா பழைய போட்டோ, பாட்டி சொன்ன கதை எதுவானாலும் கொண்டு வாங்க ப்ளீஸ், நாங்க கேக்கணும். கடைக்காரங்கள வரையறதுக்கு முன்னாடி பர்மிஷன் கேட்டுக்கோங்க. வர்றவங்க வெள்ளிக்கிழமை நைட்டுக்குள்ள இங்க பேர் போடுங்க.