எங்கள் நஷ்டம், வங்கியின் சொத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு வங்கியின் ஆண்டறிக்கையில் தற்செயல் பொறுப்புகள் (ஏதாவது நடந்தால் மட்டும் வங்கி கட்ட வேண்டி வரும் தொகைகள்) பல லட்சம் கோடி என்று பார்த்துவிட்டு, அதில் நாலு பங்கு வைத்திருக்கும் என் மருமகன் போனில் பதறினார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். அந்தப் பெரிய எண்ணுக்கு நான் பயப்படுவதில்லை. பத்து லட்சம் டாலருக்கு ஃபார்வர்டு (பின்னொரு தேதியில் வாங்க, விற்க இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்) போட்டால் முழுத்தொகையும் அங்கே ஏறிவிடும். டாலர் 50 காசு நகர்ந்தால் லாபமோ நஷ்டமோ 5 லட்சம் ரூபாய்தான். அந்த 5 லட்சம்தான் மார்க் டு மார்க்கெட் மதிப்பு, அதாவது அன்றைய சந்தை விலையில் ஒப்பந்தத்தின் மதிப்பு. அது பின்னால், பொடி எழுத்துக் குறிப்புகளில் கிடக்கும்.

சூடு பட்டுத்தான் இதைக் கற்றேன். 2007 கடைசியில் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே வந்து, ஆர்டர் இருந்தும் கட்டுப்படியாகாத நேரம். வங்கி அதிகாரி ஒருவர் வந்து டாலர்-சுவிஸ் ஃபிராங்க் ஆப்ஷனில் (டாலர் ஓர் அளவுக்குக் கீழே போனால் நாங்கள் பணம் கட்ட வேண்டிய ஒப்பந்தம்) முதலாளியிடம் கையெழுத்து வாங்கிப் போனார். சுவிட்சர்லாந்துக்கு நாங்கள் ஒரு பனியன்கூட அனுப்பியதில்லை! 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்கியது. வங்கி கேட்ட தொகை எங்கள் ஒரு வருட லாபத்தைவிடப் பெரிது.

சரி, அந்த நஷ்டம் மார்ச் 31 அன்று வங்கியின் கணக்கில் என்னவாக ஏறியிருக்கும்? சொத்தாக. அதே ஒப்பந்தத்தை அவர்கள் வெளிநாட்டு வங்கி ஒன்றோடு திருப்பிப் போட்டிருந்ததால் ஃபிராங்க் எங்கே போனாலும் கவலையில்லை. நாங்கள் கட்டாவிட்டால்தான், அங்கே அவர்கள் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும். நாங்கள் மூழ்க மூழ்க அவர்கள் சொத்து வளரும், வளர வளர வசூலாவது சந்தேகம். விசித்திரமான சொத்து. எங்கள் முதலாளி இடுவம்பாளையத்து இடத்தை விற்றுக் கட்டினார். பக்கத்து கம்பெனிக்காரர் கோர்ட்டுக்குப் போனார்.

கோவை ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் வழக்கில் இத்தகைய ஒப்பந்தம் சூதாட்டம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் சொன்னது. அதே மாதம் ரிசர்வ் வங்கியும், இப்படி வர வேண்டிய பணம் 90 நாள் வராமல் நின்றால் வாராக்கடன் என்றது. 2011-இல் 19 வங்கிகளுக்கு அபராதமும் விதித்தது, தலா 5 முதல் 15 லட்சம். எங்கள் கம்பெனியின் ஒரு மாதக் கூலிப் பட்டுவாடா அதைவிட அதிகம்.

இண்டஸ்இண்ட் வங்கியில் 2025-இல் வெடித்தது வேறு ரகம். வெளியாரோடு போட்ட ஒப்பந்தத்துக்குச் சந்தை விலை, தனக்குள்ளேயே ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு போட்டுக்கொண்டதற்கு வேறு கணக்கு. இடைவெளி சுமார் 1,960 கோடி. அதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள்.

காலாண்டு முடிவுகள் வரும்போது வங்கிகளிடம் இதையும் கேட்டு எழுதுங்கள்: டெரிவேடிவில் (ஃபார்வர்டு, ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்களில்) வர வேண்டியதாகக் காட்டும் தொகையில் மற்ற வங்கிகள் தர வேண்டியது எவ்வளவு, கம்பெனிகள் தர வேண்டியது எவ்வளவு, அதில் தவணை தாண்டி நிற்பது எவ்வளவு? நான் புரட்டிய அறிக்கைகளில் இவை ஒரே எண்ணாகத்தான் கிடக்கின்றன. வங்கிக்கு வங்கி போடும் ஃபார்வர்டு என்றால் பணம் வந்துசேரப் பொறுப்பேற்று நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் நிற்கிறது. எங்கள் ஒப்பந்தத்துக்குப் பின்னால் நின்றது முதலாளியின் கையெழுத்தும் அந்த இடுவம்பாளையத்து இடமும்தான்.

ஓய்வுபெற்ற கணக்காளர்,
திருப்பூர்