பாடவேளையைக் கொண்டு கணக்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் போதிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி எழும்போதெல்லாம், இத்தனை மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமே விடையாகச் சொல்லப்படுகிறது. அறிவியல் ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அந்த விகிதம் வகுப்பறையில் நடப்பதைக் காட்டுவதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

600 மாணவர்களும் 24 ஆசிரியர்களும் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் 25 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று வரும். கேட்பவருக்கு மனநிறைவாகவும் இருக்கும். ஆனால் வாரத்துக்கு 40 பாடவேளைகள் என்று வைத்து, ஓர் ஆசிரியர் அவற்றில் 28 பாடவேளைகள் பாடம் நடத்துகிறார் என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக 17க்கும் சற்றுக் குறைவான ஆசிரியர்களே வகுப்பில் இருக்க முடியும். மீதமுள்ள பாடவேளைகள் ஓய்வு நேரம் அல்ல. விடைத்தாள் திருத்துவதும் அடுத்த பாடத்துக்கு ஆயத்தம் செய்வதும் அப்போதுதான் நடக்கின்றன. ஆகவே ஒரு வகுப்பில் உண்மையில் அமர்ந்திருப்பவர்கள் ஏறத்தாழ 36 பேர். அந்த 24 பேரில் பாடம் நடத்தாத தலைமையாசிரியர், நீண்ட விடுப்பில் இருப்பவர், மாற்றுப்பணியில் வேறிடம் சென்றவர் என மூவரைக் கழித்துவிட்டால் 40ஐயும் தாண்டிவிடும். விகிதமோ அப்போதும் 25 என்றே அறிக்கையில் இருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, எல்லா ஆசிரியரையும் ஒரே எண்ணாக விகிதம் கூட்டிவிடுவது. தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பல பாடங்களைக் கற்பிக்கலாம். உயர்நிலை வகுப்புகளில் அது இயலாது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கணித ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றபோது, அவருக்குப் பதில் ஒருவரும் வரவில்லை. ஓய்வுப் பாடவேளை யாருக்கு இருந்ததோ அவர் அந்த வகுப்புக்குச் சென்று அமர்ந்தார். ஒரு நாள் தமிழாசிரியர், மறுநாள் சமூக அறிவியல் ஆசிரியர், சில நாள்களில் நான். மாணவர்கள் சத்தமின்றி எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வகுப்பு நன்றாக நடப்பதாகவே தோன்றும். இயற்கணிதத்தில் விட்ட அந்த இடைவெளி அடுத்த ஆண்டு என் இயற்பியல் வகுப்பில் ஒவ்வொரு சமன்பாட்டிலும் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆசிரியரல்லாத பணியாளர்களைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளியில் கரைசல் தயாரிப்பது, கருவிகளை எடுத்து வைப்பது, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவது எல்லாம் ஆசிரியர் தலையில் விழுகின்றன. அதற்கு நேரம் கிடைக்காதபோது, மாணவர்கள் தாங்களே செய்ய வேண்டிய சோதனையை ஆசிரியர் ஒருவர் மேசையருகே நின்று செய்துகாட்ட, மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. எழுத்தர் பணியிடம் காலியாக இருந்தால் கல்வி உதவித்தொகைப் படிவங்களையும் புள்ளிவிவரப் பதிவுகளையும் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியர் பாடவேளையில் உட்கார்ந்து நிரப்புகிறார். நூலகர் இல்லாத நூலகம் பூட்டிக் கிடக்கிறது. உளவியல் ஆலோசகரைப் பொறுத்தவரை, 250 மாணவர்களுக்கு ஒருவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. முழுநேர ஆலோசகர் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளை நான் கண்டிருக்கிறேன்.

இது புதிதாக எழும் கோரிக்கையும் அல்ல. 1966இல் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து உருவாக்கிய, ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரை, ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே கவனிக்கும்படி வகுப்பின் அளவு அமைய வேண்டும் என்றும், கற்பித்தல் அல்லாத வேலைகளுக்குத் துணைப் பணியாளர்கள் வேண்டும் என்றும் கூறுகிறது. அது ஏற்கப்பட்ட நாளின் நினைவாகவே அக்டோபர் 5 உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர் காலியிடங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் தொடக்கக் கல்விக்கானது என்பதால், 9, 10ஆம் வகுப்புகள் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன.

துணைப் பணியாளர் ஒருவரைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் பணியிடத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் கருதினால், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த ஆய்வை அவர்கள் பார்க்க வேண்டும். அதில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் படித்த குழந்தைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளில் படித்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினர். பெரிய வகுப்புக்கு முழுநேர உதவியாளர் ஒருவரைத் தந்ததால் அத்தகைய பலன் கிட்டவில்லை. அது தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுதான். என்றாலும், உதவியாளரின் வேலை ஆசிரியருக்குப் பதிலாக நிற்பது அல்ல, ஆசிரியரின் நேரத்தை மீட்டுத் தருவது என்று நான் கொள்வதற்கு என் சொந்த அனுபவமும் துணை நிற்கிறது.

எனவே கல்வித் துறையிடம் நான் வேண்டுவது இது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் பருவத்துக்கு ஒருமுறை, வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் எத்தனை பாடவேளைகள் அந்தப் பாடத்துக்குரிய ஆசிரியரால் நடத்தப்பட்டன, எத்தனை வெறும் மேற்பார்வையில் கழிந்தன என்பதைப் பெற்றோர் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் வெளியிட வேண்டும். அதனருகிலேயே ஆய்வக உதவியாளர், எழுத்தர், நூலகர், ஆலோசகர், துப்புரவுப் பணியாளர், காவலர் ஆகிய பணியிடங்களில் எவை நிரம்பியுள்ளன, எவை எத்தனை மாதமாகக் காலியாக உள்ளன என்பதும் இருக்க வேண்டும். நீண்ட விடுப்பு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால், விடுப்பு தொடங்கும் நாளன்றே பதிலி ஆசிரியர் வகுப்பில் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்