பதினொரு மணிக்குக் காலிமுகத்தில்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை, கோபிக்காதே. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. இப்போது சுகம்; பேப்பரில் மரண அறிவித்தல்களை ஒன்று விடாமல் வாசித்து எங்களுக்கும் சொல்கிறா. வேலி அடைத்து முடிந்தது. சின்னவன் சோதினை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான்.

ஆனால் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் நீ கடைசியில் எழுதிய நாலு வரிதான். நல்லூர்த் தீர்த்தம் முடிந்ததும் நாலு பேரும் கொழும்புக்குப் போய் ஒரு இரவு கசினோவில் இருப்போம் என்று எழுதியிருந்தாய். குண்டனிடம் சொன்னேன். மற்ற நாளே புதுச் சப்பாத்து வாங்கிவிட்டான். எனக்கும் ஆசைதான் மச்சான். வாசிகசாலைத் திண்ணையில் 304 சீட்டு விளையாடி வளர்ந்த எங்களுக்கு கசினோவின் ரூலெட் சில்லு சுழல்வதை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க ஆசை வராதா?

அதனால் கணக்குப் பார்த்தேன். ரூலெட் சில்லில் பூச்சியத்தோடு சேர்த்து 37 இலக்கம். ஓர் இலக்கத்தில் கட்டி அது விழுந்தால் 35 மடங்கும் கட்டிய காசும், ஆக 36 கையில் வரும். 37 இடத்துக்கு 36. குறைகிற அந்த ஒன்றுதான் கடைக்காரனுடைய பங்கு, நூற்றுக்கு 2.7. இரண்டு பூச்சியம் உள்ள அமெரிக்கச் சில்லில் அது 5.26 ஆகிவிடும். ஆகவே இருக்கிற மேசையில் எத்தனை பூச்சியம் என்று முதலில் பார்.

இதைத் தாளில் எழுதினால் சின்னக் கணக்காகத்தான் தெரிகிறது. சின்னவனைக் கூப்பிட்டு 37 புளியங்கொட்டை பொறுக்கி, ஒன்றில் சுண்ணாம்பு தடவி, மண்முட்டியில் போட்டோம். என் கையில் 100 நெருப்புக்குச்சி. ஒவ்வொரு தடவையும் ஒரு குச்சி கட்டுவேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொட்டை எடுப்பான், பிறகு திரும்பப் போட்டுக் குலுக்குவான். முதல் 20 தடவைக்குள் வெள்ளைக் கொட்டை இரண்டு முறை வந்தது. 100 குச்சி 152 ஆகிவிட்டது. அந்த நேரம் எனக்கு நெஞ்சு படபடத்தது மச்சான், வெறும் நெருப்புக்குச்சிக்கு! நிறுத்துவோமா என்று அவன் கேட்டான். எனக்கு எழும்ப மனம் வரவில்லை. 200 தடவை முடிந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது, என் முன்னால் 8 குச்சி கிடந்தது.

குண்டனிடம் ஒரு திட்டம் இருக்கிறது. சில்லில் பூச்சியம் தவிர பாதி இலக்கம் கறுப்பு, பாதி சிவப்பு. கறுப்பில் கட்டித் தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டவேண்டுமாம், எப்படியும் ஒருநாள் கறுப்பு வந்துதானே ஆகும் என்கிறான். 500 ரூபாயில் தொடங்கி எட்டு முறை தொடர்ந்து சிவப்பு விழுந்தால் 1,27,500 ரூபாய் போயிருக்கும். அவ்வளவும் 500 ரூபாய் வெல்வதற்காக! அதற்குள் மேசையின் உச்சவரம்பும் வந்து மறித்துவிடும். ஏழு சிவப்பு வந்தது சில்லுக்கு ஞாபகம் இருக்காது என்று எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கிறானில்லை. நீ சொன்னால் கேட்பான்.

சரி, இப்போது உன் விசயம். மாசியில் போன் எடுத்தபோது, அங்கே கனடாவில் ஒரு கசினோவில் இரவு முழுக்க இருந்ததைச் சொன்னாய். விடிய நாலு மணிக்கு மனிசி எடுத்ததற்கு, "விட்டதைப் பிடிச்சுப்போட்டு வாறன்" என்றாயாம். அந்த வார்த்தை என்னை நித்திரை கொள்ள விடவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, தோற்ற ஆட்டத்தை வென்றால்தான் எழும்புவேன் என்று துரும்புச் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்த உன்னை எனக்குத் தெரியும். அன்றைக்குப் போனது ஒரு தேத்தண்ணியும் வாய்ப்பனும். இன்றைக்கு உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் கம்பசுக்குப் போகிறாள். உன் கனடாவிலேயே 2021இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். வரிக்கு முந்திய குடும்ப வருமானத்தில் மாதம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வைக்காதே, மாதத்தில் நாலு நாளுக்கு மேல் விளையாடாதே, இரண்டு வகைக்கு மேல் வழக்கமாக விளையாடாதே என்று. உன் சம்பளத்தை வைத்துப் பார், மாசியில் ஒரே இரவில் எத்தனை மாத அளவைத் தாண்டியிருக்கிறாய் என்று தெரியும். கோபம் வந்தாலும் பரவாயில்லை, அதைக் கூட்டிப் பார்த்து எனக்கு எழுது. மூன்று மாத அளவைத் தாண்டினால் இந்தப் பயணத்தில் நீ மேசைக்கே போகவேண்டாம். நாங்கள் கடல் பார்த்துவிட்டு வருவோம்.

தாண்டாவிட்டால் நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். இலங்கைப் பிரசைக்கு உள்ளே போகவே 50 டொலர் இருந்தது, இப்போது 100. வாசலிலேயே முப்பதாயிரத்தைக் கொடுத்தவன் அதை எடுக்காமல் வெளியே வருவானா? குண்டன் வரவே மாட்டான். ஆகவே நாங்கள் மூன்று பேரும் உள்ளே வரவில்லை. சில்லைப் பார்க்கிற ஆசையை எனக்காக நீ பார்த்துத் தீர். வெளிநாட்டுப் பாஸ்போட்டோடு நீ மட்டும் போ. 2025 ஆகஸ்டில் திறந்த புதிய கசினோ காலிமுகக் கடற்கரைக்குக் கிட்டத்தான்.

காசை இங்கேயே எண்ணி ஒரு கடித உறையில் போட்டு ஒட்டுவோம். அது படம் பார்க்க ரிக்கற் எடுத்த காசு மாதிரி, திரும்பி வராது என்று நினைத்துக்கொள். வங்கி அட்டையும் போனும் என் பையில். வென்றால் வென்றதை உறைக்குள் வைக்காதே, மற்றச் சட்டைப்பையில் வை, அது மகளுக்கு. சும்மா தரும் குடியைத் தொடாதே, கணக்குப் பார்க்கிற மூளை முதலில் அதில்தான் போகும். ஒன்பதுக்கு உள்ளே, பதினொன்றுக்கு வெளியே. உறை ஒன்பதரைக்கு முடிந்தாலும் என்ன, பத்தரைக்கு முடிந்தாலும் என்ன, வெளியே வந்துவிடு. உள்ளே மணிக்கூடு இருக்காதாம், சின்னவனின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போ. அது பதினொன்றுக்குக் கத்தும்.

யாழ்தேவி ரயிலுக்கு ஆசனம் முந்திப் பதியவேண்டும், திகதியைக் கெதியாக எழுது. மாசிக் கணக்கையும் எழுது. காலிமுகத்தில் இறால் வடையோடு காத்துக்கொண்டிருப்போம். குண்டன் உன் பங்கைத் தின்னாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மச்சான்